நீதிபதி நியமனமும் நாட்டின் கொள்கையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், அபேட்சகர்களை நோக்கி வோட்டர்கள் கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று, "சுப்ரீம் கோர்ட்டுக்கு நீர் யாரை நியமிப்பீர்?" என்பதாகும். விலைவாசி, வரி, யுத்தம், சமாதானம் ஆகிய விஷயங்களுக்குச் சமமாகவும், சில சமயங்களில் அவற்றுக்கு மேலாகவும் இக்கேள்வி நிற்கிறது. 33 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் ஒரு குடியரசில், ஆயுட்காலம் முழுவதும் பதவி வகிக்கக்கூடிய 9 பேரைப் பொறுத்தே நாட்டின் தலைவிதி அமைகிறது என்று ஜனங்களே நம்பத் தொடங்கிவிட்டார்களென்றால், அந்தக் குடியரசின் அங்கங்களுள் ஏதோ ஒன்று தன் தொழிலைச் செய்யவில்லை என்பது வெளிப்படை. அது எந்த அங்கம், அதற்குப் பரிகாரம் யாது என்பதை ஆராய்வது ஜனநாயகத்தில் பற்றுடைய எல்லோருக்கும் பயன் தருவதாகும்.

இவ்விஷயத்தில் அந்நாட்டுப் பழமைவாதிகள் நெடுங்காலமாக ஓர் அபிப்பிராயத்தை வற்புறுத்தி வந்திருக்கிறார்கள். அதனுடைய சாரம் இது: சட்டம் இயற்றுவது ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் வேலை, இயற்றப்பட்ட சட்டத்தின் பொருளைச் சொல்வது நீதிபதியின் வேலை. சட்டம் எழுதப்பட்டபோது அதன் வாசகத்துக்கு என்ன பொருளோ அதையே நீதிபதி சொல்ல வேண்டும்; அது தமக்கு உகந்ததாயினும் சரி, கசப்பதாயினும் சரி. நாட்டுக்கு நன்மை இன்னதென்று தாமே தீர்மானித்து, அதற்கேற்றவாறு சட்டத்தை வளைப்பவர் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த சட்டசபை அங்கத்தினரேயாவார். சட்டசபை அங்கத்தினர் தவறு செய்தால் அடுத்த தேர்தலில் ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். நீதிபதி தவறு செய்தால் அவ்வாறு செய்ய இயலாது. ஆகவே ஆட்சிக் கொள்கை பற்றிய பெரிய பிரச்னைகளை நீதிபதிகள் தீர்க்க முற்படுவது ஜனங்களின் உரிமையை அபகரிப்பதாகும் என்பது அவர்களுடைய வாதம்.

இவ்வாதம் நியாயமானது என்று நாம் தயக்கமின்றிக் கூறுவோம். ஆனால் இதைச் சொல்பவர்கள் இதன்படி நடந்தார்களா என்பது வேறு கேள்வி. எந்தக் கொள்கையும் எதிர்க்கட்சியின் கை ஓங்கியிருக்கும் காலத்தில் பேசுவதற்கு எளிது. தன் கை ஓங்கியபின் அதை அனுஷ்டிப்பதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சை பழமைவாதிகளுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அதில் அவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்பதைப் பார்ப்பதற்கு முன், பழைய வரலாற்றைச் சிறிது நினைவுபடுத்திக் கொள்வது அவசியம்.

1787-ல் வகுக்கப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி, சுப்ரீம் கோர்ட் நீதிபதியின் பெயரை ஜனாதிபதி பிரேரேபிப்பார். ஸெனட் சபை ஆலோசித்துச் சம்மதம் அளிக்க வேண்டும். நியமனம் பெற்றவர் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருக்கலாம். சர்க்காரின் மூன்று அங்கங்களுள் நீதி இலாகாவே மிகவும் பலவீனமானது, பொக்கிஷமும் அதன் கையில் இல்லை, பட்டாளமும் அதன் கையில் இல்லை என்று அலெக்ஸாண்டர் ஹாமில்ட்டன் 1788-ல் ஜனங்களுக்குத் தைரியம் சொன்னார். ஆனால் 1803-ல் பிரதம நீதிபதி ஜான் மார்ஷல், அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாதென்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்று நிலைநாட்டினார். அன்று முதல் அந்தப் பலவீனமான அங்கத்தின் கையில் ஓர் ஆயுதம் இருந்து வருகிறது. அதை எப்போது எடுக்கலாம் என்பதே பிறகு எழுந்த சச்சரவுகளுக்கெல்லாம் மூலமாயிற்று.

அந்த ஆயுதத்தால் விளைந்த பெருந்தீங்குக்கு 1857-ம் வருஷத்திய டிரெட் ஸ்காட் வழக்கு சாட்சி. அடிமைத்தனம் பரவலாமா கூடாதா என்று நாடு முழுவதும் கொந்தளித்துக்கொண்டிருந்த சமயத்தில், அப்பிரச்னையைத் தாமே தீர்த்துவிடலாம் என்று பிரதம நீதிபதி ரோஜர் டானியும் அவருடைய சகாக்களும் எண்ணினர். நீக்ரோக்கள் அமெரிக்கப் பிரஜைகளாகவே முடியாது என்றும், வடக்கேயுள்ள பிரதேசங்களில் அடிமைத்தனத்தைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்றும் தீர்ப்புக் கூறினர். விளைவு சமாதானமன்று, நான்கு ஆண்டுகளில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1861-ல் பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன், ஜனங்கள் அனைவரையும் பாதிக்கும் முக்கியமான கொள்கை விஷயங்களைச் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பே மாற்ற முடியாதபடி முடிவு செய்துவிடுமானால், ஜனங்கள் தம்மைத் தாமே ஆள்பவர்களாக இருக்க மாட்டார்கள் என்று தமது முதல் பிரசங்கத்திலேயே எச்சரித்தார். 1868-ல் அரசியல் சட்டத்தில் 14-வது திருத்தம் சேர்க்கப்பட்ட பிறகே அந்தத் தீர்ப்பின் களங்கம் சட்டத்திலிருந்து நீங்கியது.

நீதிபதிகள் தம் எல்லையில் நிற்க வேண்டும் என்ற உபதேசம் ஒரு கட்சியின் தனிச் சொத்துமன்று. 1905-ல் நியூயார்க் ராஜ்யம் ரொட்டிக் கிடங்குத் தொழிலாளர்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 10 மணி என்று வரையறுத்தபோது, அச்சட்டம் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் தள்ளியது. அன்று எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ், தமக்குப் பிடித்த பொருளாதாரக் கொள்கையை அரசியல் சட்டத்துக்குள் புகுத்தக் கூடாது என்றார். அதைப் போற்றியவர்கள் அக்காலத்து முற்போக்குவாதிகள். 1935, 1936 வருஷங்களில் ஜனாதிபதி ரூஸ்வெல்டின் சட்டங்களைக் கோர்ட் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளியபோதும், ஜனங்களின் சித்தத்துக்குக் கிழ நீதிபதிகள் குறுக்கே நிற்கலாமா என்று கேட்டவர்கள் அவர்களே. பின்னர் கோர்ட்டின் போக்கு மாறியதும் இரு தரப்பாரும் இடம் மாறி நின்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதையை அமெரிக்காவிலும் காண்கிறோம்.

ரூஸ்வெல்ட் கண்ட பரிகாரம் நோயைவிடக் கொடியதாக இருந்தது. 1936 நவம்பரில் 48 ராஜ்யங்களில் 46-ல் வெற்றி பெற்ற அவர், 1937 பிப்ரவரியில் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். 70 வயது கடந்தும் விலகாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஒருவராக, 6 பேர் வரை புதிய நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரத்தை அது ஜனாதிபதிக்குக் கொடுத்தது. ஸெனட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அவருடைய சொந்தக் கட்சியினர். எனினும் அவர்களே அதை எதிர்த்து, ஜூலை மாதத்தில் கமிட்டிக்குத் திருப்பியனுப்பிப் புதைத்துவிட்டார்கள். இன்று நமக்குச் சாதகமாகக் கோர்ட்டை நிரப்பினால் நாளை எதிரியும் அவ்வாறே நிரப்புவான் என்ற தெளிவு அந்த ஸெனட்டர்களுக்கு இருந்தது. தலைவரிடம் விசுவாசம் வேறு, அரசியல் சட்டத்தினிடம் விசுவாசம் வேறு என்பதை அவர்கள் காட்டினார்கள். 2021-ல் நீதிபதிகளின் தொகையை 13 ஆக உயர்த்த மசோதா கொண்டுவந்த ஜனநாயகக் கட்சி அங்கத்தினர்கள், தங்கள் கட்சியின் முன்னோர் செய்த இக்காரியத்தை மறந்துவிட்டார்கள் போலும்.

பழமைவாதிகளின் கொள்கைக்கு எதிராகச் சொல்லத்தக்க பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சட்டசபையின் கதவே ஒரு சாராருக்கு அடைக்கப்பட்டிருந்தால் அவர்கள் எங்கே போவது? தென் ராஜ்யங்களில் நீக்ரோக்களுக்கு வோட்டுரிமை நடைமுறையில் இல்லை. வெள்ளையர் பள்ளி வேறு, கறுப்பர் பள்ளி வேறு என்ற அநீதியை 1954-ல் கோர்ட்தான் ஏகமனதாகக் கண்டித்தது. அன்று, "சட்டசபைக்குப் போங்கள்" என்று அவர்களிடம் சொல்வது கேலிக்கூத்தாகவே இருந்திருக்கும். பிரஜைகள் அனைவரும் சமம் என்று 14-வது திருத்தத்தில் ஜனங்களே எழுதி வைத்திருந்ததைக் கோர்ட் அமுலுக்குக் கொண்டு வந்ததேயன்றிப் புதிதாக ஒன்றைக் கற்பிக்கவில்லை என்று நாம் கருதுகிறோம். ஆயினும் தீர்ப்பு வந்து 10 ஆண்டுகள் கழிந்த பின்னும், தென் ராஜ்யங்களின் கறுப்புக் குழந்தைகளில் வெள்ளைக் குழந்தைகளோடு படித்தவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. 1964-ல் சிவில் உரிமைச் சட்டமும், 1965-ல் வோட்டுரிமைச் சட்டமும் காங்கிரஸில் நிறைவேறிய பிறகே பூட்டுகள் திறந்தன. தீர்ப்பு வழி காட்டியது. நடந்து சென்றது சட்டமே.

நம்மவர்கள் அனுபவித்த உதாரணமும் உண்டு. முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்த பகத் சிங் திந்த் என்னும் சீக்கியர், அமெரிக்கப் பிரஜையாக உரிமை கோரினார். ஆப்பிரிக்க வம்சத்தாரைத் தவிர வெள்ளையருக்கே அவ்வுரிமை என்று அக்காலத்துச் சட்டம் கூறியது. இந்தியர்கள் அச்சொல்லில் அடங்க மாட்டார்கள் என்று 1923-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. முன்பே பிரஜைகளாகியிருந்த இந்தியர் பலர் அதனால் அவ்வுரிமையை இழந்தனர். கலிபோர்னியாவில் நிலம் வைத்திருக்கும் உரிமையும் போயிற்று. இந்த அவமானம் எவ்வாறு நீங்கியது? தயாள குணமுள்ள நீதிபதி ஒருவர் வந்து சட்டத்துக்குப் புதுப்பொருள் சொன்னதனால் அன்று. ஜே. ஜே. சிங், தலிப் சிங் சாந்த் போன்றவர்கள் வருஷக்கணக்கில் காங்கிரஸ் அங்கத்தினர்களின் வாயில்களில் ஏறி இறங்கி வாதாடினார்கள். அதன் பயனாக 1946 ஜூலை 2-ம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம், இந்தியர்கள் பிரஜைகளாகலாம் என்றும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றும் அனுமதித்தது. அந்தச் சாந்த் 1956-ல் காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். தீர்ப்பினால் பெற்ற உரிமை இன்னொரு தீர்ப்பினால் போய்விடக்கூடும். மாற்றாரின் மனத்தை மாற்றிச் சட்டமாகப் பெற்ற உரிமைக்கோ வேர் உண்டு.

இனி நியமனச் சண்டைக்கு வருவோம். 1986-ல் பழமைவாதிகளின் குருவாகக் கருதப்பட்ட ஸ்கேலியாவை ஸெனட் 98 வோட்டுகளால் எதிர்ப்பின்றி ஏற்றது. 1993-ல் முற்போக்குவாதிகளின் நம்பிக்கையான ரூத் கின்ஸ்பர்க்கை 96-க்கு 3 வோட்டில் ஏற்றது. இவ்விரண்டுக்கும் இடையே 1987-ல் ராபர்ட் போர்க் என்பவரை 58-க்கு 42 வோட்டில் நிராகரித்தது. அவருடைய சட்டப் புலமையை யாரும் சந்தேகிக்கவில்லை. அவருடைய அபிப்பிராயங்களே குற்றமாயின. அன்று முதல் ஸெனட்டின் விசாரணை மண்டபம் தேர்தல் மேடையாகிவிட்டது. 1990-ல் தங்கள் கட்சி ஜனாதிபதி நியமித்த டேவிட் சூட்டர் எதிர்பாராத வழியில் சென்றபின், பழமைவாதிகள் மேலும் கண்டிப்பானார்கள். 2005-ல் ஜனாதிபதி புஷ் பிரேரேபித்த ஹாரியட் மையர்ஸின் பெயரை, அவருடைய கொள்கை நிச்சயமாகத் தெரியவில்லை என்று தங்கள் ஜனாதிபதியையே எதிர்த்து வாபஸ் வாங்கச் செய்தார்கள். 2016-ல் ஜனாதிபதி அபேட்சகர் டிரம்ப், தாம் நியமிக்கக்கூடியவர்களின் ஜாபிதாவையே தேர்தலுக்கு முன் பிரசுரித்தார்.

கொள்கை தெரிந்து ஒருவரை நியமிப்பது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. எல்லா ஜனாதிபதிகளும் செய்ததே அது. ஆனால் இன்ன வழக்கில் இன்ன தீர்ப்பு வரும் என்று ஜனங்களுக்கு முன்கூட்டியே உறுதி கூறி ஆள் தேடும்போது, நீதிபதி கட்சியின் பிரதிநிதியாகிவிடுகிறார். நீதிபதி சட்டசபை அங்கத்தினர் ஆகக்கூடாது என்று தொடங்கிய கொள்கை, சட்டசபை அங்கத்தினரைப் போலவே அவரைத் தேர்ந்தெடுப்பதில் வந்து முடிந்தது விபரீதமே.

முறையைக் கெடுத்ததில் இரு கட்சியாருக்கும் பங்குண்டு. சிறுபான்மையோரின் சம்மதத்தையும் ஓரளவு பெற வேண்டும் என்பதற்காக, விவாதத்தை முடித்து வோட்டுக்கு விட 60 பேரின் ஆதரவு வேண்டும் என்ற விதி ஸெனட்டில் இருந்தது. 2013-ல் ஜனநாயகக் கட்சியினர் கீழ்க்கோர்ட்டு நியமனங்களுக்கு அதை நீக்கினர். 2017-ல் குடியரசுக் கட்சியினர் சுப்ரீம் கோர்ட்டுக்கும் அதை நீக்கி, நீல் கார்ஸச்சை 54-க்கு 45 வோட்டில் அமர்த்தினர். அதற்கு முன் நடந்தது இன்னும் மோசம். 2016 பிப்ரவரியில் ஸ்கேலியா காலமானார். தேர்தல் வருஷமாதலால் ஜனங்கள் தீர்மானிக்கட்டும் என்று கூறி, ஜனாதிபதி ஒபாமா பிரேரேபித்த மெரிக் கார்லண்டைக் குடியரசுக் கட்சி ஸெனட் விசாரிக்கவே மறுத்துவிட்டது. 2020 செப்டம்பர் 18-ந் தேதி கின்ஸ்பர்க் காலமானார். தேர்தல் நவம்பர் 3-ந் தேதி. அதற்கு 8 நாள் முன்பு, அக்டோபர் 26-ந் தேதி, ஏமி பாரெட்டை அதே கட்சியினர் 52-க்கு 48 வோட்டில் நியமித்துவிட்டனர். ஜனாதிபதியும் ஸெனட்டும் ஒரே கட்சியாயிருந்ததால் நிலைமை வேறு என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள். 2016-ல் ஜனங்களின் பெயரால் பேசியவர்களுக்கு 2020-ல் ஜனங்களின் நினைவு வரவில்லை. அரசியல் சட்டத்தின் வாசகத்தை அவர்கள் மீறவில்லை என்பது மெய். தாம் சொன்ன சொல்லை மீறினார்கள். பழமையைப் போற்றுவோர் வழக்கத்தையும் வாக்கையும் காக்காவிடில் வேறு யார் காப்பார்கள்?

இவ்வாறு ஒன்பதில் ஆறு பேர் அவர்கள் தரப்பினராயினர். பிறகு நடந்தவை என்ன? 2022 ஜூனில், கர்ப்பச் சிதைவு உரிமை பற்றிய 1973-ம் வருஷத்துத் தீர்ப்பைக் கோர்ட் ரத்து செய்து, அவ்விஷயத்தை ஜனங்களிடமும் அவர்களுடைய பிரதிநிதிகளிடமும் திருப்பி அளித்தது. இதனால் பல ராஜ்யங்களில் பெண்கள் கடுமையான தடைகளுக்கு உள்ளாயினர். அந்தக் கஷ்டத்தை அற்பமாகப் பேசுவோரோடு நாம் சேர மாட்டோம். ஆனால் இரண்டு மாதங்களுக்குள் ஒரு காரியம் நடந்தது. பழமைவாதிகளின் கோட்டை என்று பெயர் பெற்ற கான்ஸாஸ் ராஜ்யத்தில், தங்கள் ராஜ்ய அரசியல் சட்டத்திலிருந்து அவ்வுரிமையை நீக்கலாமா என்று ஜனங்களிடம் வோட்டுக் கேட்கப்பட்டது. 59 சதவீதத்தினர் கூடாதென்று நிராகரித்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக இரு தரப்பாரும் நீதிபதிகளைப் பிடிப்பதில் செலவிட்ட சக்தி, அயலானோடு பேசி அவன் மனத்தை மாற்றும் வேலைக்கு அன்று திரும்பியது. அந்த அளவில் கொள்கை தன் பலனைக் கொடுத்தது.

ஆனால் இதே தரப்பு நீதிபதிகள் வேறிடங்களில் அக்கொள்கையைக் கைவிட்டதையும் சொல்லியாக வேண்டும். 1965-ம் வருஷத்து வோட்டுரிமைச் சட்டத்தைக் காங்கிரஸ் 2006-ல் புதுப்பித்தது. பிரதிநிதி சபையில் 390-க்கு 33. ஸெனட்டில் 98-க்குப் பூஜ்யம். ஜனங்களின் பிரதிநிதிகளுடைய சித்தம் இதைவிடத் தெளிவாக வெளிப்படுவது எவ்வாறு? வோட்டுரிமையைக் காக்கத் தக்க சட்டம் இயற்றும் அதிகாரத்தை உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் வந்த திருத்தமே காங்கிரஸுக்கு அளித்திருக்கிறது. எனினும் எந்த ராஜ்யங்கள் முன்அனுமதி பெற வேண்டும் என்று கூறிய அதன் முக்கியப் பகுதியை, காலம் மாறிவிட்டதென்ற காரணத்தால், 2013-ல் 5 நீதிபதிகள் 4 பேருக்கு எதிராக ரத்து செய்தனர். காலம் மாறியதா இல்லையா என்று பார்ப்பது யாருடைய வேலை என்று அவர்களுடைய கொள்கையே கேட்கிறது.

மற்றொன்று: சட்டத்தின் பொருள் தெளிவில்லாத இடத்தில், நியாயமான வரம்புக்குள் சர்க்கார் இலாகாக்கள் சொல்லும் பொருளைக் கோர்ட்டுகள் ஏற்க வேண்டும் என்று 1984-ல் ஒரு விதி ஏற்பட்டது. ரீகன் சர்க்காரின் வெற்றியான அதை, நீதிபதிகளை அடக்கும் கடிவாளம் என்று அன்று போற்றியவர்களில் ஸ்கேலியாவும் ஒருவர். 2024-ல் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்த விதி தள்ளப்பட்டது. சட்டத்தின் பொருளைச் சொல்லும் பொறுப்பு கோர்ட்டினுடையதே என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இதனால் அதிகாரம் எங்கே குவிந்தது என்று பார்த்தால், மீண்டும் நீதிபதிகளின் கையிலேதான்.

இவ்வளவுக்கும் அடிப்படை நோய் எங்கே இருக்கிறது? காங்கிரஸ் தன் வேலையைச் செய்யாததில் இருக்கிறது. அந்நிய நாட்டாரின் குடியேற்றம் பற்றிய பிரச்னையை எடுத்துக்கொள்வோம். அனுமதியின்றிக் குடியேறியோரைப் பற்றி விரிவான சட்டம் கடைசியாக நிறைவேறியது 1986-ல். 2013-ல் இரு கட்சியாரும் கூடித் தயாரித்த மசோதாவை ஸெனட் 68-க்கு 32 வோட்டில் நிறைவேற்றியது. பிரதிநிதி சபை அதை வோட்டுக்கே விடவில்லை. சிறு வயதில் அழைத்து வரப்பட்டவர்களுக்குச் சட்டம் செய்யத் தவறியதால் 2012-ல் ஒபாமா தம் அதிகாரத்தால் ஒரு ஏற்பாடு செய்தார். டிரம்ப் அதை ரத்து செய்தார். ரத்து செய்த முறை சரியில்லை என்று 2020-ல் 5-க்கு 4 வோட்டில் கோர்ட் தடுத்தது. அந்நாட்டு மண்ணில் பிறக்கும் குழந்தைகளின் பிரஜா உரிமை 1898-ம் வருஷத்துத் தீர்ப்பிலிருந்து நிலைபெற்றதாகக் கருதப்பட்டு வந்தது. 2025 ஜனவரி 20-ந் தேதி, தாற்காலிக அனுமதியில் வசிப்போரின் குழந்தைகளுக்கு அது இல்லையென்று டிரம்ப் உத்தரவிட்டார். உத்தரவு, உடனே வழக்கு, உடனே தடை. பிறகு தடை போடும் அதிகாரத்தைப் பற்றியே சுப்ரீம் கோர்ட் வரை சென்று ஜூன் மாதத்தில் மற்றொரு தீர்ப்பு. சபை உறங்குகிறது, ஜனாதிபதி உத்தரவிடுகிறார், நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள், ஆகவே நீதிபதி நியமனம் யுத்தமாகிறது. சங்கிலியின் முதல் கண்ணி சபையின் உறக்கமே.

இது எட்டாத் தேசத்து விவகாரமென்று தமிழர்கள் எண்ண இயலாது. நம் ஊர்களிலிருந்து சென்று அங்கே வேலை பார்க்கும் எஞ்சினீயர்கள் பலர். வேலையின் பேரில் நிரந்தர வாச உரிமை பெறுவோரில் எந்த ஒரு நாட்டாருக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாதென்ற சட்டத்தால், இந்தியர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பெற்றோர் வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் 21 வயதைத் தாண்டி, அவ்வரிசையில் தங்களுக்கிருந்த இடத்தை இழந்துவிடுகிறார்கள். எந்த நீதிபதி வந்தாலும் இந்த 7-ஐ 17 என்று படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. அதை மாற்றக்கூடியது காங்கிரஸ் ஒன்றே. 1946-ல் நம்மவர்கள் தட்டிய கதவும் அதுவே.

நமது அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் இந்த அமெரிக்க முறையை ஆராயாமலில்லை. 1949 மே 24-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், நியமனத்தை மந்திரி சபையின் இஷ்டத்துக்கே விடுவதும் ஆபத்து, சட்டசபையின் சம்மதத்துக்கு விட்டால் அரசியல் செல்வாக்குப் புகும், பிரதம நீதிபதிக்கே முடிவான அதிகாரம் கொடுப்பதும் தகாது, அவரும் மனிதரே என்று மூன்று வழிகளின் குறைகளையும் எடுத்துக் காட்டினார். நாம் அம்மூன்று ஆபத்துகளில் முதலாவதையும் மூன்றாவதையும் பார்த்துவிட்டோம். 1973-ல் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டிப் பிரதம நீதிபதி நியமிக்கப்பட்டது சர்க்காரின் அத்துமீறல். அதற்கு எதிராக எழுந்த எச்சரிக்கையே 1993-ம் வருஷத்துத் தீர்ப்பின் மூலம் நியமன அதிகாரத்தை நீதிபதிகளின் குழுவிடம் கொண்டு சேர்த்தது. பார்லிமெண்டும் பாதிக்கு மேற்பட்ட ராஜ்யங்களும் ஏற்ற நியமனக் கமிஷன் திருத்தத்தை 2015-ல் 4-க்கு 1 என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட் செல்லாதாக்கியது. அமெரிக்காவில் கட்சிகள் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. இங்கே நீதிபதிகள் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களைக் கண்டு நாம் சிரிக்க இடமில்லை.

அமெரிக்கர்களுக்கு உகந்த பரிகாரமாக நமக்குத் தோன்றுபவை மூன்று. முதலாவது, எதிர்க்கட்சியின் சம்மதமும் ஓரளவு இன்றி எவரும் நீதிபதியாகக் கூடாது என்ற விதியை மீட்டல் வேண்டும். ஜெர்மனியில் அரசியல் சட்டக் கோர்ட்டின் நீதிபதிகளுக்குச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 12 ஆண்டுகளே பதவி. மறு நியமனம் இல்லை. தீவிரமான கட்சிக்காரரை அம்முறையில் எளிதில் நுழைக்க முடிவதில்லை. இரண்டாவது, ஆயுட்காலப் பதவியைப் பலர் சிபாரிசு செய்வது போல் 18 ஆண்டாக வரையறுக்கலாம். 1977 முதல் 1981 வரை ஆண்ட கார்ட்டருக்கு ஒரு நியமனமும் வாய்க்கவில்லை. 2017 முதல் 2021 வரை ஆண்ட டிரம்புக்கு மூன்று வாய்த்தன. நாட்டின் கொள்கை மரணத்தின் தற்செயலைப் பொறுத்திருப்பது தகாது. 18 ஆண்டு முறையில் ஒவ்வொரு பதவிக்காலத்திலும் ஜனாதிபதிக்கு இரண்டு நியமனங்களே கிடைக்கும். ஒரு நியமனத்துக்காக உயிரைக் கொடுத்துப் போராடும் வெறி தணியும். அரசியல் சட்டத் திருத்தமின்றி இதைச் செய்ய இயலுமா என்பது சந்தேகம். திருத்தம் கடினம் என்பதும் தெரிந்ததே. ஆனால் குறுக்கு வழி தேடியவர்கள் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதையும் கண்டோம்.

மூன்றாவதே முக்கியமானது. காங்கிரஸ் தன் ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கஷ்டமான வோட்டைத் தவிர்ப்பதற்காகத் தெளிவில்லாத சட்டத்தை எழுதிவிட்டு, பழியைக் கோர்ட்டின் தலையில் போடும் வழக்கத்தை விட வேண்டும். தேர்தலில் தோற்போம் என்று அஞ்சிச் சட்டம் செய்யாதிருப்பவன், தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் ஆட்சியுரிமையை வேறொருவருக்கு விற்றவனே ஆவான்.

பழமைவாதிகளுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் கொள்கை நல்லது. லிங்கன் சொன்னதும் அதுவே. ஆனால் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும்போது அதற்கு நீங்களே முதலில் கட்டுப்பட வேண்டும். 98-க்குப் பூஜ்யம் என்ற வோட்டில் நிறைவேறிய சட்டத்தைத் தள்ளும் நீதிபதி உங்கள் தரப்பினராயினும், எதிர்த் தரப்பு நீதிபதியைக் கண்டித்த அதே வார்த்தைகளால் அவரையும் கண்டிக்க வேண்டும். 1937-ல் தம் தலைவரையே எதிர்த்து நின்ற ஸெனட்டர்கள் அதைச் செய்து காட்டினார்கள். அத்தகைய மனிதர்கள் இரு கட்சிகளிலும் மீண்டும் தோன்றும் வரையில், நீதிபதி ஆசனம் ஒவ்வொன்றும் போர்க்களமாகவே இருக்கும். எந்தக் கட்சி வென்றாலும் தோற்பவர்கள் ஜனங்களே.